எக்ஸ்ரே எடுக்காமலே குரூப் என்று எப்படிச் சொன்னார்?

கேள்வி: நவம்பர் 8, காலை 6.50

பையனுக்கு 2 வயது ஆகப் போகிறது. இரண்டு நாளாக மூக்கு ஒழுகல், லேசான காய்ச்சல். நேற்று இரவு ஒரு மணிக்கு எழுந்து நாய் குரைக்கிற மாதிரி இருமினான். குரல் கம்மிவிட்டது. அழும்போது மூச்சை உள்ளே இழுத்தால் ‘ஹீ’ என்று ஒரு சத்தம். தூக்கிக்கொண்டு ஓடினோம். டியூட்டி டாக்டர் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்த்தார், அவன் அழுவதைக் கேட்டார், ‘குரூப்’ என்றார், வைரஸால் குரல் நாண்களுக்குக் கீழே காற்றுவழி வீங்குகிற நோயாம். ஒரே ஒரு டோஸ் மருந்தை வாயில் ஊற்றி, கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். எக்ஸ்ரே இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. இணையத்தில் தேடினால் குரூப் வந்தால் எக்ஸ்ரேயில் கோபுரம் மாதிரி தெரியும் என்று படம் போட்டிருக்கிறார்கள். மச்சானும் அதையேதான் சொல்கிறார். எடுத்துப் பார்க்காமல் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும்? இன்று வேறு இடத்தில் போய் எடுத்துவிடலாமா?

நவம்பர் 8, காலை 8.20

வேண்டாம். பையன் இப்போது விளையாடுகிறான், பால் குடிக்கிறான் என்றால் எக்ஸ்ரேக்கென்று கிளம்பாதீர்கள்.

நான் டாக்டர் இல்லை, ரேடியோகிராபர். குழந்தைகளின் கழுத்தைப் படம் எடுப்பதில் பாதி வாழ்க்கை போயிருக்கிறது. படம் எடுத்துப் பிழைக்கிறவனே வேண்டாம் என்கிறேன்.

உங்கள் டாக்டர் எதையும் விட்டுவிடவில்லை. 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை, முன்னால் ஒன்றிரண்டு நாள் சளி, நடுராத்திரியில் குரைப்பு இருமல், கம்மிய குரல், உள்ளிழுக்கும்போது சத்தம் (இதைத்தான் ஸ்ட்ரைடர் என்பார்கள்). இவ்வளவும் சேர்ந்தால் அதுவே நோயறிதல். குரூப்பைக் காதால்தான் கண்டுபிடிக்கிறார்கள். கேசுவால்டி வாசலில் குழந்தை இருமுகிற சத்தத்தை வைத்தே உள்ளே இருக்கும் நர்ஸ் ‘குரூப் வருது’ என்பார்.

நவம்பர் 8, காலை 8.40

இதைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். குரூப் இரண்டாம் மூன்றாம் இரவிலும் திரும்பத் தலை காட்டும். அமைதியாக இருக்கும்போதே, தூங்கும்போதே அந்தச் சத்தம் கேட்டால், விலாவுக்கு இடையிலும் தொண்டைக்குழியிலும் தோல் உள்வாங்கினால், உதடு வெளுத்தாலோ நீலம் பாய்ந்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தால், குழந்தை துவண்டு போனால், எந்த இழையையும் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போராடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று சத்தமில்லாமல் அடங்கினால் ‘சரியாகிவிட்டது’ என்று நினைக்கவே கூடாது. களைத்துப் போனாலும் சத்தம் குறையும்.

நவம்பர் 8, இரவு 10.10

‘காதால் கண்டுபிடிப்பதெல்லாம் அந்தக் காலம்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி, அளவுகோல் வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. 1978-இல் வெஸ்ட்லி குழுவினர் வெளியிட்ட மதிப்பெண் முறையை இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். மொத்தம் 17. குழந்தை சுயநினைவோடு இருக்கிறதா, நீலம் பாய்கிறதா, ஸ்ட்ரைடர் எப்போது கேட்கிறது, நெஞ்சுக்குள் காற்று எவ்வளவு போகிறது, நெஞ்சு எவ்வளவு உள்வாங்குகிறது என்று ஐந்து விஷயங்கள். 2 வரைக்கும் லேசானது, 3 முதல் 7 வரை நடுத்தரம், 8-உம் அதற்கு மேலும் கடுமை. இதில் எக்ஸ்ரேக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. என் பிழைப்புக்கு இது கொஞ்சம் அவமானம்தான்.

நவம்பர் 9, காலை 6.30

இப்போது அந்தக் கோபுரம்.

குழந்தையை நேராகப் பார்த்து எடுக்கும் ஏ.பி. படத்தில் மூச்சுக்குழல் நடுவில் ஒரு கறுப்புப் பட்டையாகத் தெரியும். காற்று கறுப்பாக விழும். ஆரோக்கியமான குழந்தைக்குக் குரல் நாண்களுக்குக் கீழே அந்தப் பட்டை சட்டென்று அகலமாகி, இரண்டு பக்கமும் தோள் மாதிரி தெரியும். குரூப்பில் அந்த இடத்தின் உட்சவ்வு வீங்குவதால் தோள் மறைந்துவிடும். மேலே குறுகி, கீழே வரவர அகலமாகிற கூம்பு மிஞ்சும். மேல்நாட்டு மருத்துவர்களுக்கு அது தேவாலயத்தின் உச்சிக் கூம்பாகத் தெரிந்தது. நம் ஊர்க் கோயில் கோபுரத்தை நினைத்துக்கொண்டு தேடாதீர்கள், கிடைக்காது. சீவிய பென்சில் முனை என்றால் கச்சிதமாக இருக்கும்.

ஏன் அந்த இடம் மட்டும்? அங்கேதான் கிரிகாய்டு குருத்தெலும்பு முழு வளையமாக இருக்கிறது. கீழே உள்ள மற்ற வளையங்களெல்லாம் பின்பக்கம் திறந்தவை. முழு வளையத்துக்குள் சவ்வு வீங்கினால் வெளிப்பக்கம் தள்ள இடமில்லை, உள்ளேதான் வர வேண்டும். கைக்குழந்தையின் காற்றுவழி அங்கே 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிச்சம் 2. பரப்பளவு கால்பங்காகிவிடும், காற்றுக்கான தடை 16 மடங்காகும். அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் 8 மில்லிமீட்டர் வழியுள்ள பெரியவருக்கு வந்தால் தடை 3 மடங்குதான். அதனால்தான் அப்பாவுக்கு வெறும் தொண்டைக் கட்டாக வந்து போகிற அதே பாராஇன்ஃபுளுயன்சா வைரஸ் பிள்ளைக்கு நடுராத்திரி ஆட்டோ பிடிக்க வைக்கிறது.

நவம்பர் 9, காலை 9.05

இயற்பியல் ஆசிரியர் ஒருவர் தனிமடலில் வந்தார். வழி பாதியானால் தடை 16 மடங்கு (2-இன் நான்காம் அடுக்கு) என்ற அந்தக் கணக்கு சீரான ஓட்டத்துக்குத்தான் பொருந்தும், கொந்தளிக்கும் ஓட்டத்தில் ஐந்தாம் அடுக்கை ஒட்டிப் போகும் என்கிறார். ஒத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் அழுகிற குழந்தைக்கு 16 இல்லை, 32. குரூப் வந்த குழந்தையை அழவிடாதே என்று பெரிய டாக்டர்கள் கத்துவதற்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது. ஊசி குத்தாதே, நாக்கை அழுத்தித் தொண்டையைப் பார்க்காதே, அம்மா மடியிலிருந்து பிரிக்காதே. இந்தப் பட்டியலில் ‘குளிர்ந்த எக்ஸ்ரே மேசையில் மல்லாக்கப் படுக்க வைக்காதே’ என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன்.

நவம்பர் 9, இரவு 11.00

‘கோபுரம் தெரிந்தால் குரூப், தெரியாவிட்டால் இல்லை, அவ்வளவுதானே?’ என்று மச்சான்காரர் சார்பில் கேட்டிருக்கிறார்கள்.

இல்லை. குரூப் வந்த குழந்தைகளில் பாதிப் பேர் வரை இந்த அடையாளம் தெரியாமல் போகலாம். நோயே இல்லாத குழந்தைக்கும் மூச்சின் ஒரு கட்டத்தில் படம் விழுந்தால் தெரியலாம். வேறு தொண்டை நோயிலும் தெரியும். இருந்தாலும் நோய் உண்டு என்று நிச்சயமில்லை, இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று நிச்சயமில்லை. அந்தப் படத்தை வைத்து டாக்டர் என்ன செய்வார்? சத்தம் கேட்டுக் கொடுக்க நினைத்த மருந்தையேதான் கொடுப்பார்.

நவம்பர் 10, காலை 7.15

மூச்சின் கட்டம் என்று மேலே போகிற போக்கில் சொல்லிவிட்டேன். எடுக்கிறவனுக்கு அதுதான் தலைவலி.

கழுத்துக்குள் இருக்கும் மூச்சுக்குழல் விறைப்பான குழாய் இல்லை. அடைப்புக்குக் கீழே, மூச்சை இழுக்கும்போது உறிஞ்சும் அழுத்தத்தில் அது இன்னும் சுருங்கும், விடும்போது விரியும். அடைப்புக்கு மேலே தொண்டைப் பகுதி இழுக்கும்போது பலூன் மாதிரி உப்பும். ஆகவே நல்ல படம் என்றால் உள்ளிழுக்கும்போது எடுத்தது. பெரியவர்களிடம் ‘மூச்சை இழுத்துப் பிடிங்க’ என்று சொல்லலாம். ஒன்றரை வயசிடம் என்ன சொல்வது? அழுகைக்கும் அழுகைக்கும் நடுவில் ஒரு இழுப்பு வரும். கண் நெஞ்சில், விரல் பொத்தானில். அந்த நேரம் பார்த்துப் பாட்டி கிலுகிலுப்பையை ஆட்டுவார், குழந்தை தலையைத் திருப்பும்.

மூச்சை விடும்போது எடுத்தால் இன்னொரு கூத்து. சின்னக் குழந்தையின் மூச்சுக்குழல் வெளிவிடும்போது வளைந்து, பெரும்பாலும் வலப்பக்கம், ஒதுங்கும். அது இயல்பு. ‘குழாய் கோணலா இருக்கே’ என்று படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பெற்றோர் மிரண்டு வருவார்கள்.

பக்கவாட்டுப் படத்திலும் இதே கதை. அதில் மூச்சுக்குழலுக்குப் பின்னால், கழுத்தெலும்புக்கு முன்னால் உள்ள சதையின் தடிப்பை அளப்பார்கள். இரண்டாவது கழுத்தெலும்பு மட்டத்தில் 7 மில்லிமீட்டர், ஆறாவது மட்டத்தில் 14, அதற்கு மேல் போனால் உள்ளே சீழ்க்கட்டியோ என்று சந்தேகம். ஆனால் தாடையை நெஞ்சோடு குனிந்துகொண்டு அழுகிற குழந்தைக்கு ஒன்றுமில்லாமலே அந்தச் சதை தடித்துத் தெரியும். தலையை லேசாகப் பின்னால் சாய்த்து மறுபடி எடுத்தால் மாயமாகப் போய்விடும்.

நவம்பர் 10, மாலை 5.30

நானே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எக்ஸ்ரேயே தண்டம் என்கிற தொனி வந்துவிட்டது. அப்படி விட்டுவிட மனசில்லை.

குரூப் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வேறு சில ஆட்கள் வருவார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இந்தப் படம். மருந்து கொடுத்தும் கேட்கவில்லை, வயது பொருந்தவில்லை, சளியே இல்லாமல் திடுமென்று ஆரம்பித்தது, காய்ச்சல் மிக அதிகம், கழுத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறது, திரும்பத் திரும்ப வருகிறது. இப்படி ஒன்று இருந்தால் டாக்டர் சீட்டில் ‘கழுத்து, ஏ.பி., லேட்டரல்’ என்று எழுதுவார். அப்போது மறுக்காதீர்கள்.

நவம்பர் 10, இரவு 9.45

அந்த ஆட்களில் எல்லாருக்கும் பயம் தந்தவர் குரல்வளை மூடியின் வீக்கம். பக்கவாட்டுப் படத்தில் அந்த மூடி மெல்லிய இலையாகத் தெரியாமல் கட்டைவிரல் நுனி மாதிரி தடித்துத் தெரியும். இருமல் அதிகம் இருக்காது. எச்சில் வடியும், கடும் காய்ச்சல், குழந்தை முன்னால் சாய்ந்து கையூன்றி வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கும். படுக்க வைத்தால் மூச்சு முழுசாக அடைத்துவிடலாம். இந்தச் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அறைக்கே அனுப்பக் கூடாது. முதலில் மூச்சுக் குழாய் போடத் தெரிந்தவர்கள் சூழ வேண்டும், படம் அப்புறம். என் அறையில் கேமரா உண்டு, மூச்சுக் குழாய் போடும் ஆள் கிடையாது.

இதற்குக் காரணமான ஹிப் கிருமிக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. இந்தியாவின் அரசுத் திட்டத்தில் ஐந்து நோய்த் தடுப்பூசியாக அது முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான், 2011 டிசம்பரில். 6, 10, 14 வாரங்களில் போடுவது அதுதான். அந்தக் கட்டைவிரலை நான் படத்தில் பார்ப்பது இப்போது அபூர்வம். என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள்.

அதே ஊசியில் தொண்டை அடைப்பானுக்கும், அதாவது டிப்தீரியாவுக்கும், பாதுகாப்பு இருக்கிறது. அந்த நோய் ஒழிந்தது என்று நினைக்காதீர்கள். 2016-இல் பக்கத்து மலப்புரத்திலேயே பரவியது. ஒன்றரை வயது, ஐந்து வயது பூஸ்டர்களை விட்டுவிடுகிற வீடுகள் நிறைய. அதற்கு எக்ஸ்ரே உதவாது, தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வைப் பார்த்து மாதிரி எடுத்துத்தான் சொல்வார்கள்.

நவம்பர் 11, காலை 6.10

இன்னொரு வேஷக்காரர்: விழுங்கிய பொருள். ஒரு பெண் குழந்தை, சில வாரமாக வந்து வந்து போகும் இருமல், உள்ளிழுக்கும் சத்தம். போன இடத்திலெல்லாம் நெபுலைசர். சாப்பாடு இறங்கவில்லை என்று அம்மா சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் கழுத்துப் படத்துக்கு வந்தது. கணினித் திரையில் வட்டமாக ஒரு நாணயம். உணவுக்குழாயில் சிக்கி, முன்னால் இருந்த மூச்சுக்குழலை அழுத்திக்கொண்டிருந்தது. அம்மா திரையைப் பார்த்துவிட்டு அழவில்லை. ‘இது எங்க கடைக் கல்லாக் காசு’ என்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தார்.

நாணயம் உணவுக்குழாயில் இருந்தால் நேர்ப் படத்தில் பெரும்பாலும் முழு வட்டமாகவும், மூச்சுக்குழலில் இருந்தால் விளிம்பாகவும் விழும். ஆனால் உலோகமில்லாத பல பொருட்கள் நேரடியாகத் தெரியாது. வேர்க்கடலை, புளியங்கொட்டை, சீத்தாப்பழ விதை, இவையெல்லாம் எக்ஸ்ரேக்குக் கண்ணாமூச்சி காட்டும். ஒரு பக்க நுரையீரலில் காற்று சிக்கிக்கொண்டிருப்பதை வைத்து ஊகிக்க வேண்டும். படம் சுத்தமாக இருக்கிறது என்பதற்காக, கடலை தின்னும்போது புரையேறிய கதையைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

நவம்பர் 11, காலை 6.35

காசு என்று எழுதும்போதே கை நடுங்கியது பட்டன் பேட்டரியை நினைத்து. 2032 என்று பொறித்திருக்கும் பேட்டரி 20 மில்லிமீட்டர் குறுக்களவு, ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டிய அளவு. கார் சாவி, எடை பார்க்கும் மெஷின், விளக்கு மின்னும் பொம்மை, எல்லாவற்றிலும் இருக்கிறது. படத்தில் அவசரமாகப் பார்த்தால் காசு. உற்றுப் பார்த்தால் விளிம்புக்குள் இன்னொரு வளையம், பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சுவரைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். இந்தச் சந்தேகத்தோடு வருகிறவர்கள் என் அறையில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, கத்திக்கொண்டே உள்ளே வரலாம்.

நவம்பர் 11, இரவு 8.50

குரூப்புக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம் என்று பாட்டி வைத்தியப் பேச்சு சூடாகிவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆவி: ஈரக்காற்று குரூப்பைக் குறைக்கிறதா என்று ஆராய்ந்தார்கள், பலன் தெரியவில்லை. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்த குழந்தைகளை எல்லா வார்டிலும் பார்க்கலாம். கற்பூரத்தை எண்ணெயில் குழைத்து நெஞ்சில் தடவுவது கைக்குழந்தைக்கு வலிப்பையே கொண்டுவரலாம். தொக்கம் எடுப்பவரிடம் தயவுசெய்து போக வேண்டாம். ஏற்கெனவே வீங்கிய தொண்டைக்குள் யாரோ குழாய் வைத்து ஊதினால் என்ன ஆகும் என்று மேலே உள்ள 4 மில்லிமீட்டர் கணக்கைப் பாருங்கள்.

பாட்டிகள் பக்கமும் ஒரு வெற்றி உண்டு. ‘வெளியே காற்றாட தூக்கிட்டுப் போ’ என்பார்களே, அதை ஜெனீவாவில் சோதித்தார்கள், 2023-இல் முடிவு வெளியானது. மருந்தோடு சேர்த்து அரை மணி நேரம் வெளியே குளிர்காற்றில் வைத்த குழந்தைகளுக்கு லேசான, நடுத்தர குரூப் சீக்கிரம் தணிந்தது. ஆனால் அந்தக் குளிர் 10 டிகிரிக்கும் கீழே. ஊட்டிக்காரர்கள் முயன்று பார்க்கலாம். திருச்சியில் மொட்டை மாடிக்குப் போனால் கொசுதான் கடிக்கும்.

நவம்பர் 12, காலை 7.00

‘ஒரே டோஸ் போதுமா? ஏமாற்றுகிறார்களா?’ என்ற கேள்விக்கு: அது அநேகமாக டெக்ஸாமெதசோன். நீண்ட நேரம் வேலை செய்கிற ஸ்டீராய்டு, பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு டோஸ் போதும். ஒரு கிலோ எடைக்கு 0.6 மில்லிகிராம் என்பது பழைய கணக்கு, 0.15-ஏ போதும் என்பாரும் உண்டு. எதுவானாலும் டாக்டர் எடை பார்த்துத் தருவது, நீங்களாக வாங்கி ஊற்றுவதில்லை. மூச்சுத் திணறல் அதிகமானால் நெபுலைசரில் அட்ரினலின் வைப்பார்கள். அது வேகமாக வீக்கத்தை அடக்கும், இரண்டு மணி நேரத்தில் அதன் வேலை ஓயும். அதனால்தான் அது வைத்த குழந்தையை உடனே வீட்டுக்கு அனுப்பாமல் சில மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். ‘நல்லாத்தானே இருக்கான், பில்லுக்காக உட்கார வைக்கிறாங்க’ என்று சண்டை போடாதீர்கள். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை என்று இன்னொருவர் கோபப்பட்டார். வைரஸுக்கு அது எதற்கு?

நவம்பர் 12, இரவு 10.20

ஒருவர் ஃபிலிமை டியூப்லைட்டில் பிடித்து மொபைலில் படம் எடுத்துப் போட்டு ‘இது கோபுரமா?’ என்கிறார். மொபைல் படத்தில் கழுத்து மங்கலாக வெள்ளையடித்திருக்கிறது, தலை திரும்பியிருக்கிறது. மேலும் அது நெஞ்சுப் படம், கழுத்தின் அடிப்பகுதி மட்டும் மேல் ஓரத்தில் மாட்டியிருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் சட்டத்துக்கு வெளியே போய்விட்டது. நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் குழந்தைக்கு 4 மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள், மூன்றாம் முறை என்கிறீர்கள். அந்த இரண்டும் படத்தைவிட முக்கியம். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ‘குரூப்’ திரும்பத் திரும்ப வந்தால் குழந்தைகள் இ.என்.டி. டாக்டர் ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும். குரல் நாணுக்குக் கீழே ரத்தக்குழாய்க் கட்டி இருக்கலாம். அதில் குறுகல் இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் துருத்தும். உடம்பில் வேறெங்காவது, குறிப்பாக தாடைப் பக்கம், செம்மறு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். பயப்பட வேண்டாம், 2008-இல் இருந்து புரோப்ரனலால் என்ற மருந்தாலேயே பல கட்டிகள் சுருங்குகின்றன. பிறந்தபோது வென்டிலேட்டரில் இருந்த குழந்தை என்றால் அதையும் சொல்ல வேண்டும், குழாய் உரசிய இடம் தழும்பாகிச் சுருங்கியிருக்கலாம்.

நவம்பர் 13, காலை 8.15

கதிர்வீச்சு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஒரு நெஞ்சு அல்லது கழுத்துப் படம் சில நாள் இயற்கையாகவே நம் மேல் விழும் கதிர்வீச்சின் அளவுதான். அவசியமென்றால் அதற்காகத் தயங்காதீர்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ள அப்பாவோ சித்தப்பாவோ வரட்டும். ஈய ஏப்ரன் தருவோம். கர்ப்பமாக இருக்கும் அம்மா வெளியே நிற்கட்டும், சந்தேகம் இருந்தால்கூட வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கழுத்தில் இருப்பதைக் கழற்றிவிட்டு வாருங்கள். தாயத்து, சங்கிலி, கருகமணி, பித்தளை மணி கோத்த கயிறு, எல்லாம் மூச்சுக்குழலின் மேலேயே போய் விழும். ‘கழற்றக் கூடாது, சாமியார் கட்டினது’ என்று நின்றால் கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளுவதும் பயனில்லை, நேர்ப் படத்தில் முதுகில் இருந்தாலும் தெரியும். வாயருகே கொண்டுபோய் மேலே தூக்கிப் பிடித்தால் அந்த இடத்தை மறைக்கும். மணிக்கட்டில் சுற்றிவிடுங்கள், அதற்கு எந்தச் சாமியாரும் இதுவரை ஆட்சேபம் சொன்னதில்லை.

நவம்பர் 13, இரவு 9.30

முதல் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். இரண்டாம் இரவு லேசாகக் குரைத்தானாம், மூன்றாம் இரவு தூங்கிவிட்டானாம், இப்போது வெறும் சளி இருமல்தானாம். எக்ஸ்ரே எடுக்கவில்லை. மச்சான் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லையாம். அடுத்த முறை அவரையே கூட்டிக்கொண்டு போய் அந்த இருமலைக் கேட்க வையுங்கள்.

பட்டன் பேட்டரிக்குத் தனி இழை தொடங்குகிறேன், அந்தக் கேள்விகளை அங்கே போடுங்கள்.